வைகைக்குத் தண்ணீர் தரும் காடு... காப்பாற்றிய திருவிதாங்கூர் மன்னர் யார்?

கள்ளழகர் ஆற்றில் இறங்கி வண்டியூர் போய்ச் சேரும் நாட்களில் வைகையில் ஓடுகிற தண்ணீர் எங்கிருந்து வருது? வைகை அணை என்று உடனே சொல்லிடுவோம். அந்த அணைக்கு எங்கிருந்து? பெரிய பங்கு முல்லைப் பெரியாறு. அணை கட்டிய பென்னிகுவிக் பெயர் தெரியாத மதுரைக்காரர் குறைவு. ஆனால் அணைக்கு மேலே, ஏரியைச் சுற்றி நிற்கிற காட்டுக்கும் ஒரு பெயர் இருக்கு: சித்திரைத் திருநாள் பாலராம வர்மா, திருவிதாங்கூரின் கடைசி மன்னர். (சித்திரை அவர் பிறந்த நட்சத்திரம். நம்ம திருவிழாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.)

1912 நவம்பர் 7-ல் பிறந்தார். 1924-ல் மூலம் திருநாள் மறைந்து பட்டம் இவரிடம் வந்தபோது வயது 11. பெரியம்மா முறையான சேது லட்சுமி பாய் ஆட்சியைப் பார்த்துக்கொள்ள, 1931-ல்தான் முழு அதிகாரம் கைக்கு வந்தது. 1936-ல் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் அரசுக் கோயில்களைத் திறந்துவிட்டார். வரலாற்றுப் புத்தகங்களில் அவர் நிற்பது அதற்காகத்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பெரியாறு அணை 1895-ல் முடிந்தது. நான்கு வருடத்தில் ஏரியைச் சுற்றி காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. ஆனாலும் பீருமேடு பக்கமிருந்து தேயிலைத் தோட்டங்கள் மலை ஏறிக்கொண்டே வந்தன. தேயிலை என்றால் பணம். வருமானம் மட்டுமே குறி என்றால் ஏரிக்கரை வரை தோட்டம் போட விட்டிருக்கலாம். மன்னர் அரசு அதைச் செய்யவில்லை. 1933-ல் எஸ்.சி.எச். ராபின்சன் என்பவர் வேட்டைக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். அடுத்த வருடம், 1934-ல், ஏரியைச் சுற்றிய காடு நெல்லிக்காம்பட்டி சரணாலயம் ஆனது. ராஜாக்கள் புலி சுட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட காலம் அது என்பதை மறந்துடக் கூடாது.

இதில் மதுரைக்கு என்ன லாபம்? மொட்டை மலையில் மழை பெய்தால் மண்ணோடு சேர்ந்து மொத்தமாக இறங்கிடும். ஏரி மேடாகும், கொள்ளளவு குறையும். காடு இருந்தால் மழை மண்ணுக்குள் இறங்கி, மெதுவாக ஓடைக்கு வரும். அப்படி ஏரியில் சேரும் நீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் கலக்குது. மன்னர் தேயிலையைத் தடுத்து விலங்குகளைக் காக்க நினைத்தார். நமக்குக் கிடைத்தது கூடுதல் வரவு.

அவர் எடுத்த எல்லா முடிவும் இப்படி அமையவில்லை. 1947-ல் திருவிதாங்கூர் தனிநாடு என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தபோது மன்னரும் உடன்பட்டார். ஜூலை 25-ல் திவானை ஒருவர் வெட்டினார். சில நாட்களிலேயே இந்தியாவோடு இணையச் சம்மதம் போனது. பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் ராஜப்பிரமுகராக இருந்தார். 1956 நவம்பர் 1-ல் கேரளம் உருவாகி, கன்னியாகுமரி நம்ம பக்கம் வந்தபோது அந்தப் பதவியும் முடிந்தது. 1991 ஜூலையில் மறைந்தார்.

காடு அவரைத் தாண்டியும் வளர்ந்தது. 1950-ல் பெரியாறு வனவிலங்கு சரணாலயம், 1978-ல் புலிகள் காப்பகம், 1982-ல் அதன் மையப்பகுதி தேசியப் பூங்கா. ஏரி நடுவே எடப்பாளையத்தில் இருந்த அவரது அரண்மனை இப்போ கேரள அரசுச் சுற்றுலாக் கழகத்தின் ஹோட்டல்.

இந்தக் கணக்கில் நஷ்டப்பட்டவர்களும் உண்டு. காட்டுக்குள் வாழ்ந்த மன்னான், பளியர் பழங்குடிகள் குமுளி ஓரத்துக்கு மாற்றப்பட்டார்கள். பூங்காவின் வரலாற்றுப் பலகைகளைப் படிக்கிறவர்கள் அதையும் சேர்த்துப் படிக்கணும். 1990-களின் கடைசியில்தான் வனத்துறை கொஞ்சம் மாறியது. காட்டு மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்த ஒரு குழுவை வழக்கிலிருந்து மீட்டு, வழிகாட்டிகளாகவும் ரோந்துக் காவலர்களாகவும் ஆக்கினார்கள். தேக்கடியில் இன்றைக்கு டிரெக்கிங் போகிறவர்களை அழைத்துப் போவதும் அந்த மாதிரிக் குழுக்கள்தான்.