மைல்கல்லில் பாடம் படித்த சிறுவன்

குழந்தைகள் கதை கேட்பதில் பிரியம் கொள்வது இயல்பு. ஆனால் நீர், உலோகம், காலம், கணக்கு என்று உள்ளதை உள்ளபடி கூறும் நூலைக் கையில் கொடுத்தால் பலர் முகம் சுளிக்கின்றனர். பாடத்தை நெட்டுருப் போட்டு ஒப்பிப்பார்களேயன்றி, படித்ததன் பொருள் என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். இக்குறை இன்று தோன்றியதன்று. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே இதனை உணர்ந்து மருந்து தேடிய பெரியார் ஒருவர், நாம் பிழைக்க வந்த இவ்வங்க நாட்டிலேயே வாழ்ந்தார். அவரே பண்டித ஈசுவர சந்திர வித்யாசாகர். விதவை மறுமணச் சட்டம் 1856-இல் நிறைவேறப் பாடுபட்டவர் என்று அவரை நம்மில் பலர் அறிவர். குழந்தைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஆசான் என்ற முறையில் அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விரும்புகிறோம்.

அவர் 1820-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், இன்று மேற்கு மேதினிபூர் ஜில்லாவில் உள்ள பீர்சிங்கா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தாகூர்தாஸ் பந்தோபாத்யாயர். தாய் பகவதி தேவி. தந்தையார் கல்கத்தாவில் சொற்பச் சம்பளத்தில் காலந்தள்ளியவர். ஊரைவிட்டு வந்து மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நமக்கு அவருடைய நிலையை விளக்கத் தேவையில்லை.

1828-ஆம் ஆண்டில் எட்டு வயதுச் சிறுவனாகிய ஈசுவரன், தந்தையுடனும் கிராமத்து ஆசிரியர் காளிகாந்தருடனும் கல்கத்தாவுக்குக் கால்நடையாகப் புறப்பட்டான். சாலையோரத்தில் அம்மிக்கல் போன்ற ஒன்று நட்டிருக்கக் கண்டு, அது யாது என்று வினவினான். கல்கத்தா இன்னும் பத்தொன்பது மைல் என்பதைக் காட்டும் மைல்கல் அது என்று தந்தை விளக்கினார். கல்லில் பொறித்திருந்த ஆங்கில இலக்கங்கள் இரண்டையும் சிறுவன் மனத்தில் வாங்கிக்கொண்டான். அடுத்தடுத்த கற்களைப் பார்த்துக்கொண்டே நடந்து, பத்தாம் கல்லை அடைவதற்குள் இலக்கங்கள் யாவும் கற்றுவிட்டான். தந்தை அவனைச் சோதிக்க எண்ணி, ஆறாம் கல்லைக் காணாதபடி கடக்கச் செய்து, ஐந்தாம் கல்லைக் காட்டிக் கேட்டார். இது ஆறாக இருக்க வேண்டும், தவறுதலாக ஐந்து என்று வெட்டிவிட்டார்கள் என்று சிறுவன் விடை கூறினான். எழுத்தில் இருப்பதாலேயே ஒன்றை நம்பிவிடாமல், தான் அறிந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்த அந்தப் புத்தியே படிப்பின் உயிர்நிலை அன்றோ!

1829-இல் சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் பயின்றார். வீட்டில் சமையலும் அவரே செய்தார். தெரு விளக்கின் ஒளியில் படித்தார் என்று வங்காளிகள் இன்றும் தம் மக்களுக்குச் சொல்லுவர். வித்யாசாகர் என்னும் பட்டம் கல்வியால் வந்தது. 1841-இல் போர்ட் வில்லியம் கல்லூரியில் 50 ரூபாய்ச் சம்பளத்தில் தலைமைப் பண்டிதரானார். 1851-இல் தாம் பயின்ற சமஸ்கிருதக் கல்லூரிக்கே முதல்வரானார்.

இதற்கிடையே நண்பர் மதனமோகன தர்க்காலங்காரருடன் சேர்ந்து அச்சகம் ஒன்று நிறுவினார். வங்கச் சிறுவர்க்குத் தாய்மொழியில் தக்க நூல்கள் அரியனவாக இருந்த காலம் அது. 1849-இல் ஜீவன் சரித் என்னும் நூலை வெளியிட்டார். கோபர்நிகஸ், கலிலியோ, நியூட்டன், ஹெர்ஷல் போன்றோர் வாழ்க்கையை அதில் எழுதினார். புதிதாக ஆக்கிய சாஸ்திரச் சொற்களுக்கு நூலின் இறுதியில் பொருளும் தந்தார். 1851-இல் போதோதயம் வந்தது. புலன்கள், காலம், எண், உலோகம், கண்ணாடி, நதி, கடல், பயிர்த்தொழில் ஆகியவற்றை எளிய நடையில் விளக்கும் நூல் அது. ஆங்கிலத்தில் சேம்பர்ஸ் வெளியிட்ட நூல்களைத் தழுவியே இவ்விரண்டையும் இயற்றினார். 1855-இல் வர்ண பரிசயம் இரு பாகங்களாக வெளிவந்தது. வழக்கொழிந்த உயிரெழுத்துக்களை நீக்கி, எழுத்து, சொல், சிறு வாக்கியம் என்று படிப்படியாக ஏறும் முறையை அதில் அமைத்தார்.

நூல் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. நான்கு ஜில்லாக்களில் இருபது மாதிரிப் பள்ளிகளை ஏற்படுத்தினார். 1857 நவம்பர் முதல் 1858 மே வரை 35 பெண் பள்ளிகளைத் திறந்தார்; ஏறத்தாழ 1,300 சிறுமியர் சேர்ந்தனர். சர்க்கார் அப்பள்ளிகளுக்கு நிலையான உதவி தர மறுத்தது. அவரோ பள்ளிகளைக் கைவிடாமல், நன்கொடை திரட்டியும் தம் பொருளைச் செலவிட்டும் நடத்தினார். 1858-ஆம் ஆண்டிலேயே மாதம் 500 ரூபாய் தந்த உத்தியோகத்தையும் துறந்தார். அக்காலத்தில் 500 ரூபாய் எத்துணைப் பெருந்தொகை என்பதைச் சம்பளக்காரராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதுமையில் கர்மாடாரில் சந்தால் மக்களிடையே வாழ்ந்து, மருந்தும் கல்வியும் அளித்தார். ஜாம்தாராவுக்கும் மதுபூருக்கும் இடையிலுள்ள அந்த ரயில்வே ஸ்டேஷன் இன்று வித்யாசாகர் என்றே பெயர் தாங்கி நிற்கிறது. சாலைக் கல்லில் எண் கற்றவருடைய பெயரையே இன்று ஸ்டேஷன் பலகையில் படிக்கிறோம். 1891-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார்.

அன்பர்களே! நம் லேக் கார்டன்ஸ் குழந்தைகள் வீட்டில் தமிழும், தெருவில் வங்காளியும், பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்கின்றனர். மூன்றிலும் ஓசை மட்டும் தெரிந்து, பொருள் தெரியாது போகுமாயின் நம் பாடு வீணாகும். ஆதலின் கண்ணெதிரே உள்ளவற்றிலிருந்து தொடங்குவோம். ஸ்டேஷன் பலகையில் ஊர்ப் பெயரின் கீழே கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருந்தால், அதன் பொருளைக் கேட்போம். ரயில் கால அட்டவணை, தேசப்படம், மருந்துச் சீட்டு ஆகியவற்றைப் படிக்கச் செய்வோம். புதுச் சொல்லுக்குப் பொருள் கூறிய பின்னரே மேலே செல்வோம். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்வோம். படித்தது விளங்கியதா என்பது அப்போது தெரியும், தாய்மொழியும் நாவில் நிலைக்கும். பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் தமிழ் வீடுதோறும் இருக்கத் தக்கது.

இது தவறாக இருக்கிறதே என்று குழந்தை சொல்லும்போது அதட்டி வாயை அடைக்க வேண்டா. ஐந்தாம் மைல்கல் அருகே தாகூர்தாஸர் மகனை அதட்டவில்லை. நாமும் பொறுமையுடன் கேட்போமாக!