தேர்வில் தோற்றவர் செதுக்கிய பாடநூல்: ஓவியர் நந்தலால் போஸ்

தமிழ்த்துறை மலரில் வங்க ஓவியர் ஒருவரின் வரலாறு எதற்கு என்னும் வினா சிலருக்கு எழலாம். ஒரு மொழியின் குழந்தைகள் எழுத்துக் கற்கும் நூலுக்குப் படம் செதுக்கித் தந்தவர், மொழி பயில்வோர் அனைவர்க்கும் உறவினரே ஆவார். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளிலிருந்து நம்மிடம் பயில வரும் மாணவருள் பலர், சிப்காட் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் மாறிமாறி உழைப்போரின் மக்கள். ஒரு தாளில் தோற்றாலே வாழ்வு முடிந்ததெனக் கலங்கும் அவர்களுக்கும், கலங்கவைக்கும் பெற்றோருக்கும் நந்தலால் போஸின் வாழ்க்கை சொல்லவேண்டியது மிகுதி.

இளமையும் தோல்வியும்

நந்தலால் 1882 டிசம்பர் 3ஆம் நாள் பீகாரிலுள்ள முங்கேர் மாவட்டத்துக் கரக்பூரில் பிறந்தார். சிற்றூர்க் குயவர்கள் மண்ணைப் பிசைந்து பொம்மை செய்வதைக் கண்டு வளர்ந்தவர் அவர். இளமையிலேயே தாயை இழந்தார். கல்வியின் பொருட்டுக் கல்கத்தா சென்றார். கல்லூரித் தேர்வுகளில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. குடும்பத்தார் விருப்பப்படி வணிகவியல் பயின்றார். அங்கும் தோல்வியே கண்டார். அதற்குள் அவருக்குத் திருமணமும் ஆகியிருந்தது. ஓவியம் சோறு போடுமா என்று வீட்டார் அஞ்சியது இயல்பே. எனினும் இறுதியில் அவர்கள் இசைந்தனர். நந்தலால் அரசு ஓவியப் பள்ளியில் அவனீந்திரநாத் தாகூரின் மாணவரானார். அவ்விசைவு கிடைத்திராவிடில், மனம் ஒன்றாத கணக்கர் ஒருவர் கூடியிருப்பார். நாடு ஓர் ஓவியரை இழந்திருக்கும்.

நீர்வண்ணத்தில் தேர்ச்சி

அவனீந்திரநாத்திடம் அவர் கற்றது நீர்வண்ணக் கலை. தாளின்மேல் வண்ணத்தைத் தீட்டி, நீரால் கழுவி, மீண்டும் தீட்டிப் பனிமூட்டம் போன்ற மென்மையை வரவழைக்கும் நுட்பம் அது. இளம் பருவத்திலேயே கீழ்த்திசைக் கலைக்கழகத்தின் 500 ரூபாய்ப் பரிசு அவருக்குக் கிட்டியது. அப்பொருளை அவர் நாடு காணும் பயணத்திற்குச் செலவிட்டார். பின்னர் அஜந்தா குகைக்குச் சென்று அங்குள்ள சுவரோவியங்களைப் படியெடுத்தார். 1920களில் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைமைப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. 1924இல் கவிஞர் தாகூருடன் சீனாவுக்கும் சப்பானுக்கும் சென்றுவந்தார்.

லினோலியமும் உளியும்

இத்துணை நுண்மையான நீர்வண்ணத்தில் தேர்ந்தவர், தரைவிரிப்பாகப் பயன்படும் லினோலியத் துண்டைக் கையில் எடுத்தது ஏன்? ஒரு நீர்வண்ண ஓவியம் ஒரு சுவரில்தான் தொங்கும். செதுக்கிய ஒரு தகட்டிலிருந்தோ பல படிகள் எடுக்கலாம்.

ஆளிவிதை எண்ணெய், தக்கைத்தூள், பிசின் முதலியவற்றைச் சணல் துணிமேல் படியச் செய்து உருவாக்குவதே லினோலியம். மரத்தைப்போல் இழையோட்டம் இதற்கு இல்லாமையால் உளி எத்திசையிலும் எளிதாகச் செல்லும். செதுக்கிய இடம் தாளில் வெண்மையாக நிற்கும். செதுக்காது விட்ட மேடு மையை ஏற்றுக் கருமையாகப் பதியும். வலம் இடமாகும், இடம் வலமாகும். செதுக்கியதை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. எதை நீக்குவது, எதை விடுவது என்று முன்னரே தெளிந்தவர்க்கே இக்கலை கைகூடும்.

1930ஆம் ஆண்டு இவ்வகையில் சிறப்புடையது. காந்தியடிகள் உப்பெடுக்கத் தண்டிக்கு நடந்த அவ்வாண்டில், கோலூன்றி நடக்கும் அண்ணலின் உருவத்தை நந்தலால் செதுக்கினார். கரிய பின்புலத்தில் சில வெண்கோடுகள், அவ்வளவே. ஒரு நாட்டின் உறுதி முழுவதும் அக்கோடுகளில் அடங்கியது. அதே ஆண்டில் குழந்தைகளுக்காகத் தாகூர் எழுதிய சகஜ் பாட் என்னும் தொடக்கப் பாடநூல், நந்தலாலின் லினோ அச்சுப் படங்களுடன் வெளிவந்தது. தேர்வுகளில் தோற்றவரின் படங்களைப் பார்த்தே வங்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக எழுத்துக் கற்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மக்களுக்கான கலை

1938இல் அரிபுரா காங்கிரசு மாநாட்டுக்காக உழவர், கைவினைஞர், இசைஞர் முதலியோரின் வாழ்வைக் காட்டும் சுவரொட்டிகளை அவர் தீட்டினார். நாடு விடுதலை பெற்றபின், அரசியல் சட்டத்தின் மூலப்படியை அணிசெய்யும் பணி அவரிடமும் அவர்தம் மாணவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. அப்பக்கங்களில் அக்பரும் திப்பு சுல்தானும் ஜான்சி ராணியும் நவகாளியில் காந்தியடிகளும் இடம்பெற்றிருத்தலைக் காணும்போது, இந்நாடு யாவர்க்கும் உரியது என்னும் உணர்வு நமக்கு உறுதிப்படுகிறது. 1954இல் பத்ம விபூசண் விருது பெற்ற நந்தலால், 1966 ஏப்ரல் 16இல் கல்கத்தாவில் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

நம் துறைக் கையெழுத்து இதழின் முகப்புக்காக மாணவர் சிலர் ஒருமுறை லினோ அச்சு முயன்றனர். பொருள் பழவேற்காட்டுப் படகு. கறுப்பு எண்ணெய் மையில் படியெடுத்து நன்கு உலரவிட்டால், நீர்வண்ணம் அதனைக் கரைப்பதில்லை. ஏரி நீரில் சிறிது நீலமும் பாயில் சிறிது காவியும் தூரிகையால் இட்டபோது கறுப்பு வெள்ளைப் படம் உயிர்பெற்றது. ஒரே தகட்டில் எடுத்த படிகளேயாயினும், வண்ணம் தீட்டிய கைக்கேற்ப ஒவ்வொன்றும் தனித்து நின்றது. ஆனால் முதல் தகட்டில் தமிழ் என்னும் சொல்லை நேராகவே செதுக்கிவிட்டமையால், தாளில் அது தலைகீழ் மாற்றமாய்க் கண்ணாடி எழுத்தாகப் பதிந்தது. செதுக்கிய மாணவர் நாணினார். நாம் அப்படியையும் எறியாது துறையில் வைத்துள்ளோம். இரண்டாம் தகடு பிழையின்றி அமைந்தது அதனால்தான்.

பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் எண்ணிப்பார்க்க வேண்டுவது இதுவே. தேர்வு ஒன்றில் தவறிய பிள்ளையை இனி எதற்கும் ஆகான் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. நந்தலாலின் வீட்டார் அங்ஙனம் ஒதுக்கவில்லை. அஞ்சினர், ஆயினும் இசைந்தனர். அவ்விசைவுக்கு வங்கக் குழந்தைகள் இன்றும் கடன்பட்டுள்ளனர். நம் பிள்ளைகளின் கையிலும் ஓர் உளியோ தூரிகையோ எழுதுகோலோ இருக்கக்கூடும். அதனைப் பறிக்காதிருப்பது நம் கடமை.