மூசியாற்றை அடக்கிய பொறியாளர்

மோட்சகுண்டம் விசுவேசுவரையா, இன்றைய கர்நாடக மாநிலத்தில் முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தவர்; பொறியியல் வல்லுநர்.

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், ஐதராபாத் நகரினூடே பாயும் மூசியாறு கரைபுரண்டது. மேற்புறத்து ஏரிகள் பல உடைந்தமையால் வெள்ளம் பன்மடங்காயிற்று. மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். நிஜாம் அரசு விசுவேசுவரையாவை அழைத்தது.

வெள்ளத்தை அது நகரை அடையுமுன்பே தேக்கிவைத்து, சிறிது சிறிதாக வெளியேற்ற வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அதன்படி மூசியின் குறுக்கே உஸ்மான் சாகரும், துணையாறாகிய ஈசியின் குறுக்கே இமாயத் சாகரும் 1920களில் எழுந்தன. வெள்ளத்தைத் தடுத்த அந்நீர்த்தேக்கங்களே நகர மக்களுக்குக் குடிநீரும் அளித்தன. நகரின் கழிவுநீரை அகற்றும் வடிகால் திட்டத்தையும் அவர் வகுத்தளித்தார்.

1955இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1962இல் மறைந்தார். அவர் பிறந்த செப்டம்பர் 15, பொறியாளர் நாளாகப் போற்றப்படுகிறது. மழைநீர் தங்க இடம் தரும் நகரமே வெள்ளத்திற்குத் தப்பும் என்பதை அவர்தம் பணி நமக்கு உணர்த்துகிறது.

அருஞ்சொற்பொருள்
மாண்டனர் – இறந்தனர்
பன்மடங்கு – பல மடங்கு

எழுதுக
நீங்கள் வாழும் நகரில் மழைநீர் எவ்வழியே சென்று எந்த நீர்நிலையை அடைகிறது? பெரியோரிடம் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.