பரணில் கிடக்கும் நோட்டு

கவிதை எழுதிக்கொண்டிருந்து பாதியில் விட்டுவிட்டீர்களா? ந. பிச்சமூர்த்தியைத் (1900–1976) தெரிந்துகொள்ளுங்கள். கும்பகோணத்துக்காரர், வக்கீல், பிறகு கோயில் நிர்வாக அதிகாரி. 1930-களில் ‘மணிக்கொடி’யில் யாப்பில்லாமல் எழுதினார். அதைக் கவிதை என்று ஒப்புக்கொள்ளவே பலர் தயாராக இல்லை. பின்னால் பல வருடம் கவிதைப் பக்கமே அவர் போகவில்லை.

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். முதல் இதழிலேயே பிச்சமூர்த்தியின் பழைய ‘பெட்டிக்கடை நாரணன்’ கவிதையைத் தேடியெடுத்து மறுபடி அச்சிட்டார். எனக்குப் பிடித்தது இந்த நண்பர் செய்த வேலைதான்! அதைப் படித்த இளைஞர்கள் எழுத வந்தார்கள். அறுபதை நெருங்கிய பிச்சமூர்த்தியும் மறுபடி எழுதினார். 1962-ல் ‘காட்டு வாத்து’ தொகுப்பு வெளிவந்தது. நம் ஈரோடு புத்தகத் திருவிழாவில் தேடிப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பழைய கவிதை நோட்டு இருக்கிறதா? கேட்டு வாங்கி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடலாம்.