இல்லறத்தில் நின்று ஊரைக் காத்தவர்: சேலம் ராஜாஜி

சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமீது ஏறி வருகின்ற அடியார்கள், ஒண்டிக்கடையில் இறங்கிக் களைப்பாறுகிறார்கள். பிறகு சிலர் லேடீஸ் சீட் என்று வழங்கும் மலைவிளிம்புக்குச் சென்று கீழே நோக்குவதுண்டு. பகலில் புகைபோல் விரிந்தும், இரவில் விளக்குகளால் நிறைந்தும் தோன்றும் சேலம் நகரம் இன்று மாநகராட்சி. நூறு ஆண்டுகளுக்கு முன் அது கோட்டையும் பேட்டைகளும் தறிகளும் அக்கிரகாரங்களும் கொண்ட ஒரு சிற்றூர் போன்ற நகரமே. அந்நகரில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, நகராட்சித் தலைவராக அமர்ந்து, தாயில்லாப் பிள்ளைகளைத் தனியே வளர்த்து ஆளாக்கிய ஒருவர், பிற்காலத்தில் பாரத தேசத்தின் கவர்னர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தார். அவரே மூதறிஞர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். நாடு அவரை ராஜாஜி என்று அழைத்தது. அவருடைய பெரும் பதவிகளை யாவரும் அறிவர். அவற்றுக்கெல்லாம் வித்தாக விளங்கிய சேலத்து வாழ்க்கையைத் திருவிழா நாளில் நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் கிராமத்தில், 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், ஸ்ரீவைஷ்ணவக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தையார் வேங்கடாரிய ஐயங்கார் அவ்வூரின் முனிசீப், தாயார் சிங்காரம்மாள். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அடங்கிய தொரப்பள்ளி அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. ஓசூரில் பள்ளிப் படிப்பும், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னை மாகாணக் கல்லூரியிலும் உயர் படிப்பும் முடித்து, சட்டம் பயின்று, 1900ஆம் ஆண்டில் சேலத்திற்கு வந்து தொழிலைத் தொடங்கினார். இதற்குள் 1897இல் அலர்மேல் மங்கம்மாளை மணந்து இல்லறத்தை ஏற்றிருந்தார். திருமலையில் எழுந்தருளியுள்ள பெருமானின் திருமார்பில் உறையும் தாயாரின் திருநாமத்தைத் தாங்கிய அந்த அம்மையார், சேலத்து வீட்டின் விளக்காக விளங்கினார்.

சேலம் வழக்கறிஞர் உலகில் அப்போது சிங்கம்போல் வீற்றிருந்தவர் விஜயராகவாச்சாரியார். 1882இல் சேலத்தில் மூண்ட கலவரத்தின்போது பொய்யாகக் குற்றம் சுமத்தப்பட்டு, வழக்காடி விடுதலை பெற்ற பெரியவர் அவர். காங்கிரஸ் மகாசபையின் தொடக்க காலம் முதல் தேசப் பணியில் ஈடுபட்டு, 1920இல் நாகபுரியில் கூடிய மகாசபைக்குத் தலைமை வகித்தார். அத்தகைய மூத்தவர் வாழ்ந்த ஊரிலேயே இளைஞரான ராஜகோபாலாச்சாரியார் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றார். சொற்சிக்கனமும் கூரிய தர்க்கமும் அவருடைய படைக்கலங்கள். வருமானம் பெருகியது, குடும்பமும் பெருகியது. மூன்று புதல்வர்களும் இரண்டு புதல்வியரும் பிறந்தனர். மூத்த புதல்விக்கு நாமக்கல் நரசிங்கப் பெருமாளின் தேவியாகிய நாமகிரித் தாயாரின் திருநாமம் சூட்டப்பட்டது. இளையவளுக்கு லட்சுமி என்று பெயர்.

நிறைந்த அந்த இல்லத்தில் பேரிடி விழுந்தது. ராஜாஜிக்கு நாற்பது வயது நிறைவதற்கு முன்பே மங்கம்மாள் பரமபதம் அடைந்தார். லட்சுமி அப்போது சின்னஞ்சிறு குழந்தை. அந்தக் காலத்து வழக்கப்படி, செல்வாக்குள்ள ஒரு வழக்கறிஞர் மறுமணம் செய்துகொள்வதை எவரும் குறையாகக் கருதியிருக்க மாட்டார்கள். குழந்தைகளின் பொருட்டு என்று சொல்லி உற்றார் ஊக்குவிப்பதே உலக இயல்பு. ராஜாஜி மறுமணத்தை நாடவில்லை. ஐந்து குழந்தைகளுக்கும் தந்தையும் தாயுமாக இருக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றார். அதன்பின் ஐம்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அவர், அந்த நிலையிலிருந்து வழுவவில்லை.

துக்கத்தை நெஞ்சில் அடக்கிய அக்காலத்திலேதான் ஊர்ப்பணியும் அவரை வந்து சூழ்ந்தது. 1911ஆம் ஆண்டிலேயே சேலம் நகராட்சியில் உறுப்பினராகியிருந்தார். 1916இல் தமிழில் விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கத்தை நிறுவினார். பௌதிகம், ரசாயனம், தாவரவியல், வானநூல், கணிதம் ஆகிய துறைகளைத் தாய்மொழியில் கற்பிக்க வேண்டுமானால் சொற்கள் வேண்டும் என்பது அவர் கருத்து. கல்லூரிகள் அனைத்தும் ஆங்கிலத்தில் நடைபெற்ற அந்நாளில், ஒரு ஜில்லாத் தலைநகரத்து வழக்கறிஞர் இம்முயற்சியில் இறங்கியது வியப்புக்குரியது.

1917ஆம் ஆண்டில் அவர் நகராட்சித் தலைவரானார். குடிநீர், தெரு, துப்புரவு என்ற அன்றாடக் கவலைகளே நகராட்சியின் வேலை. ஆனால் அந்த அன்றாடக் கவலைகளுக்குள்ளேதான் சமூகத்தின் மேடுபள்ளங்கள் ஒளிந்திருந்தன. குழாய்த் தண்ணீர் எல்லோருக்கும் பொது என்றால், அதைத் திறந்துவிடும் கை எந்தக் குலத்தின் கை என்று கேட்கலாமா? தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் நகராட்சியின் குடிநீர்ப் பணியில் அமர்த்தப்பட்டபோது, வைதிகர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் அயலார் அல்லர். அவருடைய சொந்தச் சமூகத்தார், உற்றார் உறவினரோடு கலந்து பழகுகிறவர்கள். தலைவர் பின்வாங்கவில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் முதன்முதலாகச் சேலம் நகராட்சி மன்றத்தில் உறுப்பினராக அமர்ந்ததும் அவருடைய காலத்திலேதான்.

இதன் கனத்தை உணர வேண்டுமானால், அவர் ஒரு குடும்பஸ்தர் என்பதை மறவாதிருக்க வேண்டும். சந்நியாசி ஊரைப் பகைத்துக்கொள்ளலாம். அவருக்கு ஊரில் வேண்டுவது ஒருவேளைப் பிட்சை. பெண் மக்களுக்குத் திருமணம் முடிக்கவேண்டிய தந்தை, சிராத்தம் முதலிய காரியங்களுக்குப் பிறரை எதிர்பார்க்கும் கிருகஸ்தர், தம் சமூகத்தின் கோபத்தை வலிய வாங்கிக் கொள்வது எளிதன்று. ஆயினும் ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயத்தை உள்ளபடி அறிந்தவர்களுக்கு அவர் செய்தது புதுமையன்று. பாணர் குலத்துத் திருப்பாணாழ்வாரை லோகசாரங்க முனிவர் தம் தோள்மீது சுமந்து அரங்கன் திருமுன் கொண்டு சேர்த்தார். திருக்கச்சி நம்பிகளின் குலத்தை எண்ணாமல், அவர் அமுது செய்த மிச்சத்தை உண்ண விரும்பினார் எம்பெருமானார். கதையில் கேட்டுக் கண்ணீர் உகுத்ததை நகராட்சி மன்றத்தில் ராஜாஜி சட்டமாகவும் நடைமுறையாகவும் ஆக்க முயன்றார்.

1919ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொழிலை முன்னிட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு மார்ச் மாதம் காந்தியடிகள் சென்னை வந்தபோது அவருடைய இல்லத்தில் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் ஒருநாள் வேலைநிறுத்தமும் உபவாசமும் பிரார்த்தனையும் நடத்தலாம் என்ற எண்ணம் காந்தியடிகளுக்குக் கனவுபோல் உதித்தது அவ்வீட்டிலேதான். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் ராஜாஜி தமது வழக்கறிஞர் தொழிலையே துறந்தார். 1921 டிசம்பரில் சிறை புகுந்து, வேலூரில் மூன்று மாதம் கழித்தார். ஆஸ்துமா நோய் வாட்டும் உடல். வெளியே தாயில்லாத மக்கள். நாட்டுக்கு உழைத்தவர்களின் பட்டியலில் அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்கள் இடம்பெறுவதில்லை. தந்தையின் தியாகத்தில் ஒரு பங்கைச் சத்தமின்றிச் செலுத்தியவர்கள் அப்பிள்ளைகளே.

1925இல் சேலம் ஜில்லாவுக்கே திரும்பி வந்தார். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மழை பொய்த்த வறண்ட பூமி அது. பெரு வருமானமும் வசதியான வீடும் கண்ட குடும்பம் எளிய குடிலில் குடியேறியது. கதர் நூற்பும் நெசவும் சுற்றுப்புறக் கிராமத்து ஏழைகளுக்குக் கூலி தந்தன. தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்குப் பிரசாரமும் ஆசிரமத்தின் மற்ற இரு கைகள். மதுவிலக்குக்கென்றே 1929இல் தொடங்கிய விமோசனம் என்னும் பத்திரிகையில், பின்னர் கல்கி என்று புகழ்பெற்ற கிருஷ்ணமூர்த்தி அவருக்குத் துணையாசிரியராக உழைத்தார். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகப் படையை நடத்திச் சென்று மீண்டும் சிறைப்பட்டார்.

பொதுவாழ்வும் குடும்ப வாழ்வும் அவரிடத்தில் வெவ்வேறாக இருக்கவில்லை என்பதற்கு இளைய மகளின் திருமணமே சான்று. லட்சுமியும் காந்தியடிகளின் இளைய புதல்வர் தேவதாசும் ஒருவரை ஒருவர் விரும்பினர். இரு தந்தையரும் உடனே ஆசி கூறிவிடவில்லை, தடுத்துவிடவும் இல்லை. பிரிந்திருந்து ஐந்தாண்டு காத்திருக்குமாறு பணித்தனர். மனம் மாறாதிருந்த இருவருக்கும் 1933 ஜூன் மாதம் பூனா நகரில் மணம் நிகழ்ந்தது. ஜாதியும் மாகாணமும் மொழியும் கடந்த மணம் அது. ஊருக்கு ஒரு நீதி, வீட்டுக்கு ஒரு நீதி என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. மூத்த மகள் நாமகிரி இளமையிலேயே கணவரை இழந்து தந்தையின் இல்லம் திரும்பினார். தாயற்ற மகளைத் தாங்கிய தந்தையைப் பின்னாளில் அம்மகளே தாய்போல் தாங்கினார். டில்லி அரசாங்க மாளிகையிலும் சென்னையின் எளிய வீட்டிலும் தந்தையின் பக்கத்திலிருந்து இல்லத்தை நடத்தியவர் அவரே.

1937இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானதும், மதுவிலக்கை முதலில் எங்கே தொடங்குவது என்ற கேள்வி எழுந்தது. சேலம் ஜில்லாவையே தேர்ந்தெடுத்தார். 1937 அக்டோபர் 1ஆம் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏற்காட்டு மலையும் அந்த ஜில்லாவுக்கு உட்பட்டதே. குடும்பத் தலைவன் கூலியைக் கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வரும் வீட்டின் துயரத்தைப் புதுப்பாளையத்தில் கண்ணாரக் கண்டவர் அவர். கள்ளுக்கடை வருமானம் நின்றதால் ஏற்பட்ட குறையை ஈடுசெய்யவே 1939இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. கடனில் மூழ்கிய உழவர்களுக்காக 1938இல் கடன் நிவாரணச் சட்டமும் வந்தது. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றபோது, அவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பை அளித்தது ராஜாஜியின் அரசாங்கம். சேலத்துத் தண்ணீர்க் குழாயில் தொடங்கிய வழக்கு, கோயில் வாசலில் தீர்ப்புப் பெற்றது.

குறையே இல்லாத மனிதர் என்று அவரைச் சொல்லிவிட இயலாது. பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியதும், 1953இல் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டமும் தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. பெற்றோர் தொழிலைப் பிள்ளைகள் கற்பது குலத்தொழிலில் கட்டிப்போடுவதாகும் என்று மக்கள் கருதினர். 1954இல் அவர் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். தாம் சரியென்று கண்டதில் உறுதியாக நிற்கும் குணம் சேலத்தில் அவருக்குப் பெருமை தந்தது; அதே குணம் பிற்காலத்தில் அவரை மக்களிடமிருந்து விலக்கியதும் உண்டு. பதவியைப் பற்றிக்கொண்டு வாழாதவர் என்பதை மாத்திரம் எதிர்த்தவர்களும் ஒப்புக்கொண்டனர்.

முதுமையில் அவர் கையில் எஞ்சியது எழுதுகோல். பாரதத்தையும் ராமாயணத்தையும் குழந்தைக்குச் சொல்லும் எளிய தமிழில் எழுதினார். சக்கரவர்த்தித் திருமகன் 1958இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. திருவேங்கடமுடையானை நோக்கி அவர் இயற்றிய குறை ஒன்றும் இல்லை என்னும் பாடலை எம். எஸ். சுப்புலட்சுமி பாடினார், இன்று அது ஒலிக்காத பெருமாள் கோயில் திருவிழா அரிது. இளமையில் துணைவியை இழந்தவர், சிறையும் நோயும் பழியும் கண்டவர், இறைவனிடம் குறையில்லை என்று சொன்னதால் அப்பாட்டுக்குத் தனிச் சுவை உண்டாயிற்று. 1972 டிசம்பர் 25ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் வயதில், சென்னையில் ஆசாரியன் திருவடி அடைந்தார்.

அவர் பிறந்த தொரப்பள்ளி வீடு நினைவில்லமாக நிற்கிறது. ஆனால் அவருடைய மெய்யான நினைவு, திருவிழாக் கூட்டத்தில் இன்னார் இனியார் என்று பாராமல் ஒரே பந்தலில் வழங்கப்படும் தண்ணீரிலும் பிரசாதத்திலும் இருக்கிறது. பெருமாளைச் சேவித்து மலையிறங்கும் அடியார்களின் கண்ணில் சேலத்து விளக்குகள் படும்போது, அங்கே குழந்தைகளை உறங்க வைத்துவிட்டு ஊர்க் காரியங்களைப் பார்த்த ஒரு தந்தை நினைவுக்கு வரட்டும். வீட்டைத் துறவாமலே ஊருக்குக் கைங்கர்யம் செய்யலாம் என்பதற்கு அவர் வாழ்வு நிலையான சான்று.