உழைப்பாளரின் வழக்குரைஞர்

ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் உலகநாதர், பரமாயி அம்மையார் இணையருக்கு மகனாகப் பிறந்தவர் வ.உ.சிதம்பரனார். தந்தையாரும் வழக்குரைஞரே. திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று 1894இல் தேர்ச்சி பெற்ற சிதம்பரனார், அடுத்த ஆண்டில் சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார். செல்வரின் சொத்து வழக்குகளில் வருவாய் மிகுதி. ஆயினும், அவர் குற்றவியல் வழக்குகளையே பெரிதும் நடத்தினார். ஏழைகளுக்குக் கட்டணமின்றி வாதாடினார். அதனால் காவல்துறையினரின் பகையைத் தேடிக்கொண்டார். மகனுக்குத் தீங்கு நேருமோ என அஞ்சிய தந்தையார், 1900இல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார்.

துறைமுக நகரமான தூத்துக்குடியில் கடல் வாணிகம் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. வணிகரும் பயணிகளும் அந்நிறுவனத்தையே சார்ந்திருந்தனர். இந்நிலையை மாற்ற, 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார் சிதம்பரனார். போட்டி எழுந்ததும் ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைப் பெரிதும் குறைத்தது.

அந்நகரின் கோரல் நூற்பாலையில் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் உழைத்தனர். வார விடுமுறையும் அவர்களுக்கு இல்லை. தொழிற்சங்கச் சட்டம் தோன்றாத காலம் அது. அச்சட்டம் 1926இல்தான் இந்தியாவில் இயற்றப்பட்டது.  சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளரை ஒன்றுதிரட்டினர். 1908 பிப்ரவரி 27ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலியின்றித் தவித்த குடும்பங்களுக்குப் பொதுமக்களின் உதவியுடன் உணவு கிடைக்கச் செய்தார் சிதம்பரனார். ஒன்பது நாள்களில் நிருவாகம் பணிந்தது. ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன.

வெற்றி பெற்ற சில நாள்களிலேயே, மார்ச் 12ஆம் நாள், அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். காவலரின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். பொதிகை மலையடிவாரத்துச் செங்கோட்டை இளைஞர் வாஞ்சிநாதன் 1911இல் ஆட்சியர் ஆஷைச் சுட்டதற்கு, இவ்வடக்குமுறை மூட்டிய சினமும் ஒரு காரணம்.

சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. எனினும், கோயம்புத்தூர், கண்ணூர்ச் சிறைகளில் கடுந்துன்பம் நுகர்ந்தார், செக்கும் இழுத்தார். 1912 டிசம்பரில் விடுதலை பெற்றபோது கப்பல் நிறுவனம் கலைந்திருந்தது. வழக்குரைஞர் உரிமமும் பறிபோயிருந்தது. பிறருக்காக நீதிமன்றம் ஏறியவர் தம் குடும்பத்தைக் காக்கச் சென்னையில் சிறு வாணிகம் செய்ய நேர்ந்தது. அவ்வறுமையிலும் தொழிலாளர் இயக்கத்தை அவர் கைவிடவில்லை.

பின்னாளில் வாலேசு என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் மீண்டது. நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்தவர், ஆங்கிலேயர் ஒருவரின் நேர்மையைப் போற்றத் தயங்கவில்லை. கோவில்பட்டியில் மீண்டும் வழக்குரைஞராகப் பணியாற்றிய அவர், 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார். தொழிலாளர் அன்று போராடிப் பெற்ற வார விடுமுறை, இன்று சட்டம் வழங்கும் உரிமையாக நிலைத்துள்ளது.