காவல் வகுத்த கணிப்பொறி அறிஞர்

ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து வேலை செய்யுமிடத்து, ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் படிக்கலாமா, திருத்தலாமா, அழிக்கலாமா என்னும் வினா எழுகிறது. இதற்கு எளிய விடை கண்டவர்களுள் ஒருவர் டென்னிஸ் ரிச்சி. சி மொழி பயிலும் மாணவர் யாவரும் அறிந்த பெயர் அது.

1941 செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துப் பிராங்க்ஸ்வில்லில் அவர் பிறந்தார். தந்தையார் பெல் ஆய்வுக்கூடத்து அறிவியலாளர். ஹார்வர்டில் இயற்பியலும் கணிதமும் கற்ற மைந்தரும் 1967இல் அங்கேயே பணியில் அமர்ந்தார். அந்நாளில் அக்கூடம் எம்.ஐ.டி.யோடும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தோடும் சேர்ந்து, மல்டிக்ஸ் என்னும் மாபெரும் அமைப்பை உருவாக்க முயன்றது. வேலை நீண்டுகொண்டே போயிற்று. 1969இல் பெல் விலகிக்கொண்டது. ஆயினும் ரிச்சியும் அவர் தோழர் கென் தாம்சனும் சோர்ந்துவிடவில்லை. பி.டி.பி.-7 என்னும் சிறு கணிப்பொறியில் தாம்சன் தொடங்க, ரிச்சி துணைநிற்க, யூனிக்ஸ் பிறந்தது. ரிச்சி படைத்த சி மொழியில் 1973இல் அது மாற்றி எழுதப்பட்டது.

யூனிக்ஸின் காவல்முறை நம் ஊர் வீடு போன்றது. திண்ணை வழிப்போக்கருக்கு, கூடம் உற்றாருக்கு, உள்ளறை வீட்டுக்காரருக்கு. அவ்வாறே ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், குழுவினர், ஏனையோர் என மூவகையினர் உண்டு. தொடக்கத்தில் உரியவர், ஏனையோர் என்னும் இருவகையே இருந்தது. குழு பின்னர் வந்தது. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என மதிப்பிட்டு, உரிமைகளைக் கூட்டி எழுதுவர். 600 எனின் உரியவர் மட்டுமே படிக்கவும் எழுதவும் கூடும். 644 எனின் பிறரும் படிக்கலாம், எழுத இயலாது. 777 எனின் வீடு முழுவதும் திறந்த வீடு!

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. கடவுச்சொல்லை மாற்ற விரும்புபவர், எல்லாருடைய கடவுச்சொற்களும் உள்ள கோப்பில் எழுதியாக வேண்டும். அவ்வுரிமையை அவருக்கு அளித்தால் அடுத்தவர் சொல்லையும் மாற்றிவிடலாமே! ரிச்சி உரிமையை மனிதருக்கு அளிக்கவில்லை, நிரலுக்கு அளித்தார். யார் இயக்கினும் அந்நிரல் தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். தனக்கு இட்ட வேலையை மட்டும் செய்யும். 1973இல் விண்ணப்பித்த இதற்கு 1979இல் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அது பொதுவுடைமையாக விடப்பட்டது. அத்தகைய நிரலில் பிழை இருப்பின் அதிகாரம் முழுதும் அயலார் கைக்குப் போய்விடும் ஆதலின், அவற்றை மிகச் சிலவாகவே வைத்தல் அறிவுடைமை.

1983இல் தாம்சனோடு டியூரிங் விருது பெற்ற ரிச்சி, 2007இல் ஓய்வு பெற்றார். 2011 அக்டோபர் 12ஆம் நாள், நியூஜெர்சியில் தம் இல்லத்தில் உயிர்நீத்த நிலையில் காணப்பட்டார். ஒரு வாரம் முன்னர் மறைந்த ஸ்டீவ் ஜாப்ஸுக்காகக் கலங்கிய உலகம், இவர் மறைவை அவ்வளவாக அறியவில்லை.

மாணவத் தோழர்களே! பல்கலைக்கழகக் கணிப்பொறியில் உங்கள் ஆய்வேடும் பிறர் உழைப்பும் அருகருகே கிடக்கின்றன. கோப்பொன்று திறக்கவில்லை என்றதும் 777 என்று தட்டிவிடாதீர்கள். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். வேண்டிய அளவே அளியுங்கள். கோப்புறையில் எழுதும் உரிமை பெற்றவர் அதிலுள்ள கோப்பை நீக்கவும் வல்லவர் என்பதையும் நினைவில் வையுங்கள். நட்பு வேறு, திறவுகோல் வேறு.